புதினப் பயிற்சியும் திருத்தும் கையும்

கதை எழுதக் கற்றுக்கொடுக்க இயலுமா என்னும் வினா மலேசியத் தமிழ் எழுத்துலகிற்குப் புதியதன்று. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்னும் பகுதியைத் தொடங்கினர். கதைக்கலையைப் பாடமாக்கி இளைஞர்க்குப் பயிற்சியளித்த அம்முயற்சி, இயலும் என்ற விடையைச் செயலாலேயே தந்தது. ஆயின், அதனையடுத்து எழும் வினா அத்துணை எளிதன்று. கற்பிப்பவர் எதுவரை செல்லலாம்? அவருடைய கை எங்கே நின்றுவிட வேண்டும்? சிறுகதையில் சில பக்கங்களோடு முடிந்துவிடும் இச்சிக்கல், ஆண்டுக்கணக்கில் எழுதப்படும் புதினத்தில் பெரிதாகி விடுகிறது.

புதினம் உருவாகும் வழியில் மூன்று நிலைகள் உள்ளன. முதற்படியை எழுதி முடித்தல், அதனைத் திருத்தி அமைத்தல், பின்னர்ப் பதிப்பாளரிடம் கொண்டு சேர்த்தல் என்பன அவை. நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கியது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. அவற்றுள் நிலமும் நிறைகோலும் புதினப் பயிற்சிக்கு மிகவும் பொருந்துவன. நிலம் பொறுமையுடையது; உழைப்பிற்கும் பருவத்திற்கும் ஏற்ப விளைவு தருவது. நிறைகோல் உள்ள எடையைக் காட்டுமேயன்றித் தன் எடையை அதனோடு சேர்ப்பதில்லை.

முதற்படியின் நிலையில் வழிகாட்டிக்கு வேண்டியது நிலத்தின் பொறுமை. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957இல் லிப்பின்காட் நிறுவனத்திடம் ஒரு கையெழுத்துப் படியைக் கொடுத்தார். நியூயார்க் நகரிலிருந்து ஊர் திரும்பும் ஒரு பெண், தன் தந்தையின் இனக் கொள்கையைக் கண்டு மனமுடைவதே அதன் கதை. அதனைப் படித்த பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், அது முழுமையான புதினமாக அமையாமல் நிகழ்ச்சித் துணுக்குகளின் தொகுப்பாகவே நிற்பதைக் கண்டார். எனினும் அதனைத் தள்ளிவிடவில்லை. அப்பெண்ணின் இளமை நினைவுகளில் உயிரிருந்தது. அவ்வுயிர் எங்கே இருக்கிறது என்பதை எழுத்தாளரே கண்டுகொள்ளுமாறு இரண்டாண்டுகளுக்கு மேலாக அவர் உடனிருந்து துணை செய்தார். சிறுமி ஒருத்தியின் குரலில் கதை மீண்டும் எழுதப்பட்டது. 1960இல் 'டூ கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் பெயரில் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. இடையில் ஒருநாள், மனம் சலித்த லீ தாள்களையெல்லாம் சன்னல் வழியே பனியில் வீசிவிட்டு ஹோஹாஃபைத் தொலைபேசியில் அழைத்தார் என்றும், உடனே வெளியே சென்று பொறுக்கி வருமாறு அவர் கட்டளையிட்டார் என்றும் வாழ்க்கை வரலாறு கூறும். தாளைப் பொறுக்கச் சொன்னவர் ஹோஹாஃப். பொறுக்கியவரும் மீண்டும் எழுதியவரும் லீயே. முதலில் கொடுத்த படி 2015இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என நூலாக வந்தது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், திருத்தம் என்பது பிழை களைதல் மட்டுமன்று என்பதைத் தெளிவாக உணர்வர்.

திருத்தும் நிலையில் வேண்டுவது நிறைகோலின் நேர்மை. நியூயார்க்கில் ஸ்கிரிப்னர் நிறுவனத்தின் பதிப்பாசிரியராக விளங்கிய மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ், 1924ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்காட் ஃபிட்ஜெரால்டுக்கு எழுதிய மடல் இதற்குத் தக்க சான்று. 'தி கிரேட் கேட்ஸ்பி' புதினத்தின் படியைப் பாராட்டிவிட்டு, அதன் குறைகள் சிலவற்றை அம்மடலில் அவர் எடுத்துரைத்தார். டாம் புக்கானனைத் தெருவில் கண்டாலும் அடையாளம் காணலாம், கேட்ஸ்பியோ மங்கலாகவே தெரிகிறான் என்றார். அவனுடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் குறிப்பேனும் வேண்டும் என்றார். அவன் வரலாறு ஓரிடத்தில் மொத்தமாகக் கொட்டப்படுவதையும் சுட்டினார். எவ்வாறு மாற்றுவது என்பதை எழுத்தாளரின் உள்ளத்திற்கே விட்டுவிட்டார். ஃபிட்ஜெரால்டு அச்சுப்படிகளிலேயே பகுதிகளை மாற்றியெழுதினார். நூல் 1925 ஏப்ரலில் வெளிவந்தது. படிப்பவர் எங்கே இடறுகிறார் என்பதைச் சொல்வது வழிகாட்டியின் கடமை. பாதையைச் செப்பனிடுவது எழுத்தாளரின் உரிமை. இவ்வெல்லை அம்மடலில் காக்கப்பட்டது.

ஆனால், அதே பெர்க்கின்ஸின் வாழ்விலேயே அவ்வெல்லை மங்கிய காலமும் உண்டு. தாமஸ் உல்ஃப் கட்டுக்கடங்காமல் எழுதிக் குவிப்பவர். அவருடைய எழுத்தைக் குறைப்பதற்கும் அடுக்குவதற்கும் பெர்க்கின்ஸ் அவரோடு நெடுங்காலம் உழைத்தார். 1935இல் வெளிவந்த தம் இரண்டாம் புதினத்தை உல்ஃப் நன்றியுடன் அவருக்கே உரிமையாக்கினார். அவ்வுதவியைப் பற்றி வெளிப்படையாக ஒரு சிறு நூலும் எழுதினார். அதுவே வினையாயிற்று. 1936இல் பெர்னார்ட் டிவோட்டோ என்னும் திறனாய்வாளர், உல்ஃபின் நூல்கள் பதிப்பகத்தில் பூட்டிச் சேர்க்கப்படுபவை என்னும் பொருள்படக் கடுமையாக எழுதினார். தம் நூல் தம்முடையதுதானா என்ற ஐயம் பிறர் வாயிலிருந்து வந்தபோது உல்ஃபால் தாங்க இயலவில்லை. 1937இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். 1938இல் தம் முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். இறுதி நோயின்போது பெர்க்கின்ஸுக்கு அவர் அன்பு நிறைந்த மடல் ஒன்று எழுதினார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. தீய எண்ணம் இருவரிடத்தும் இல்லை. இருந்தும், உதவியின் மிகுதியே பிரிவிற்குக் காரணமாயிற்று.

ரேமண்ட் கார்வரின் வரலாறு இதனினும் கசப்பானது. அவருடைய சிறுகதைகளைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டிச் சுருக்கினார். சில கதைகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அவ்வடிவில் அச்சிட வேண்டாம் என்று 1980இல் கார்வர் மடல் எழுதி மன்றாடினார். நூல் 1981இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அவர் எழுதிய மூலவடிவம் அவர் மறைந்தபின், 2009இல்தான் நூலாயிற்று. வெட்டப்பட்ட வடிவமே சிறந்தது என்பாரும் உளர். அது சுவை பற்றிய வழக்கு. எழுதியவரின் இசைவு பற்றிய வழக்கில் தீர்ப்பு வேறாகவே இருக்கும்.

மூன்றாம் நிலையாகிய பதிப்பாளரை நாடுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பாயிரம் உரைக்கும். அவையின் வினாக்களுக்கு விடைகூற வல்லவனே அன்று நூலாசிரியனாக ஏற்கப்பட்டான். இன்றைய பதிப்பகமும் ஓர் அவையே. ஃபிட்ஜெரால்டின் முதற்புதினத்தை ஸ்கிரிப்னர் நிறுவனம் 1918இல் இருமுறை மறுத்தது. பெர்க்கின்ஸ் அவரைச் சோர்வடைய விடாமல், தன்மையிடத்தில் சொல்லப்பட்ட கதையைப் படர்க்கைக்கு மாற்றிப் பார்க்குமாறு தூண்டினார். திருந்திய படிக்காக நிறுவனத்தின் மூத்தோரிடம் வாதிட்டார். நூல் 1920இல் வெளிவந்தது. நூலின் கருவைச் சில வரிகளில் எடுத்துரைக்கப் பழக்குவதும் வழிகாட்டியின் பணியே. தன் புதினம் எதைப் பற்றியது என்பதைச் சுருங்கச் சொல்ல இயலாத எழுத்தாளர், பெரும்பாலும் அதனை இன்னும் எழுதி முடிக்கவில்லை எனலாம். நூலைத் தாமே அச்சிட்டு வெளியீட்டு விழா நடத்தும் எழுத்தாளர்க்கு மறுப்புரைக்கும் அவை வாய்ப்பதில்லை. ஆதலின், அங்கே வழிகாட்டியின் பொறுப்பு இருமடங்காகிறது.

இவையனைத்தும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு எவ்வகையில் பயன்படும்? அவர்தம் கையில் இருப்பது சிவப்பு மை. தோட்டத்தில் வளர்ந்த மாணவி ஒருத்தி, விடியற்காலைப் பெரட்டுக்கு விரையும் தாயின் பேச்சைக் கேட்டவாறே கதையில் எழுதுகிறாள் என்று கொள்க. கட்டுரையைத் திருத்திப் பழகிய கை, பால்மரம் வெட்டும் அத்தாயின் வாயில் செந்தமிழை வைத்துவிடும். இலக்கணம் பிழைத்துக்கொள்ளும், தாய் மறைந்துவிடுவாள். மாணவியோ, தன் வீட்டின் மொழி கதைக்கு உதவாதது என்று எண்ணி, பிறகு எழுதுவதையே விட்டுவிடவும் கூடும். எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் குரலைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிதலே கதைப் பயிற்சியாளருக்கு முதற்பாடம்.

ஆதலால், அவர் பழகவேண்டிய முறை எளிது. முதல் வாசிப்பில் எழுதுகோலைக் கையில் எடுக்காதிருத்தல். கதையில் உயிருள்ள இடத்தை முதலில் கூறுதல். குறைகளை வினாக்களாகக் கேட்டல். விடையை எழுத்தாளரின் அடுத்த படியில் தேடுதல். பதிப்பாசிரியர் நூலில் எதையும் சேர்ப்பதில்லை என்னும் கருத்தையே பெர்க்கின்ஸும் தம் இறுதிக் காலத்தில், 1946இல், இத்தொழில் பயில வந்த மாணவர்க்கு எடுத்துரைத்தார். உல்ஃபோடு பட்ட துயருக்குப் பின் வந்த சொல் என்பதால் அதற்கு எடை மிகுதி. நிறைகோல் தன் எடையைச் சேர்க்கத் தொடங்கினால் அது நிறைகோலன்று. நூல் வெளிவரும் நாளில் எழுதியவர் அதனைக் கையிலேந்தி, இதன் ஒவ்வொரு வரியும் என்னுடையது என்று தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். வழிகாட்டி பெறும் பரிசும் அச்சொல்லே.