பருமனுக்குக் கிழித்த கோடுகள்

இந்தியாவில் வயது வந்தோரில் எத்தனை பேருக்கு உடல் பருமன் என்ற கேள்விக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத விடைகள் அச்சில் இருக்கின்றன. உலக நாடுகளின் தரவுகளைத் தொகுக்கும் என்.சி.டி. ரிஸ்க் கூட்டமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் பெண்களில் 9.8 விழுக்காடு, ஆண்களில் 5.4 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக, சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த ‘இண்டியாப்’ ஆய்வில் 28.6 விழுக்காடு. அதே ஆய்வு இடுப்புச் சுற்றளவை வைத்து எண்ணியபோது 39.5. ஆய்வுகளின் காலமும் வயது வரம்பும் சற்று மாறுபடும் என்பது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி அதனால் வந்ததல்ல. எதை அளப்பது, அளந்ததில் எங்கே கோடு கிழிப்பது என்ற இரு முடிவுகளால் வந்தது.

பெரும்பாலான ஆய்வுகள் அளப்பது உடல் நிறைக் குறியீட்டெண்ணை. மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்றே வழங்கும் இது, கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது. எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று 1830களில் கவனித்தவர் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்டலே. அவர் தேடியது ‘சராசரி மனிதனை’. கொழுப்பு அவர் கவலையாக இருக்கவில்லை. அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் 1972இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைக் கொண்டு பல சூத்திரங்களை ஒப்பிட்டு, இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அளக்கப்பட்ட அனைவரும் ஆண்கள். மற்றச் சூத்திரங்களுக்கு இது சளைத்ததல்ல என்பதுதான் அவருடைய முடிவு. இது கொழுப்பை அப்படியே காட்டிவிடும் என்று அவர் சொல்லவில்லை.

இந்த அளவின் பலம் அதன் எளிமை. ஒரு எடைக் கருவியும் உயரம் பார்க்கும் சட்டமும் இருந்தால் எந்தக் கிராமத்திலும் எடுத்துவிடலாம். இரண்டு பேர் அளந்தாலும் பெரிதாக வேறுபடாது. என்.சி.டி. ரிஸ்க் கூட்டமைப்பால் 3,663 ஆய்வுகளில் 22 கோடிப் பேரின் அளவுகளை ஒரே கணக்கில் சேர்க்க முடிந்ததே இதனால்தான். ஒரு மக்கள் கூட்டத்தை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிட இதைவிடத் தோதான கருவி இல்லை. தமிழ்நாட்டில் 25க்கு மேல் குறியீட்டெண் உள்ள பெண்கள் 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில் 30.9 விழுக்காடு, 2019-21 ஆய்வில் 40.4. அளவில் எந்தக் குறை இருந்தாலும் அது இரண்டு சுற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், ஏற்றம் உண்மையானது என நம்பலாம். நேரில் அளப்பது இதற்கு நிபந்தனை. தொலைபேசியில் கேட்டால் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வது பல நாட்டு மக்களுக்கும் பொதுவான பழக்கம்.

குறைகளில் அதிகம் பேசப்படுவது, தசைக்கும் கொழுப்புக்கும் இந்த எண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பது. பயில்வானைப் பருமனானவர் என்று சொல்லிவிடும் என்பார்கள். மேடைக்கு ஏற்ற எடுத்துக்காட்டுதான், ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் பயில்வான்கள் எத்தனை பேர்? உண்மையான பிழை எதிர்த்திசையில் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆய்வின் தரவுகளை 2008இல் பிரித்துப் பார்த்தபோது, உடற்கொழுப்பின்படி பருமன் உள்ள ஆண்களில் 36 விழுக்காட்டினரையும் பெண்களில் 49 விழுக்காட்டினரையும் மட்டுமே 30 என்ற வரம்பு பிடித்தது. வரம்பைத் தாண்டியவர்களைப் பற்றி அது பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஆனால் உடற்கொழுப்பின்படி பருமன் உள்ளவர்களில் பாதிக்கு மேல் நழுவ விடுகிறது.

தெற்காசியர்களிடம் இந்த நழுவல் கூடுதல். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. டெக்சா ஸ்கேனில் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குடையது 21.2. இரண்டே பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டியது: வெள்ளையர்களுக்கு 30இல் வரும் அளவு நீரிழிவு வாய்ப்பு, தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது.

வயதும் எண்ணைக் குழப்பும். 64 கிலோ எடையும் 160 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவரின் எண் 25. முதுமையில் முதுகெலும்பு தேய்ந்து உயரம் 3 சென்டிமீட்டர் குறைந்தால், ஒரு கிராம்கூட ஏறாமலேயே எண் 26ஐத் தொடும்.

இனி கோடுகள். 25ஐ அதிக எடைக்கும் 30ஐப் பருமனுக்கும் வரம்பாக 1990களில் உலக சுகாதார நிறுவனம் வைத்தபோது, பின்னணியில் இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் தரவுகள். அமெரிக்கா 1998இல் தன் பழைய வரம்பை (ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3) விட்டு 25க்கு இறங்கியதும், ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் ஒரே நாளில் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். யாருக்கும் எடை ஏறவில்லை. 25இல் ஆபத்து தொடங்குகிறதா என்பதே சர்ச்சைதான்: 25க்கும் 30க்கும் இடைப்பட்டவர்களின் இறப்பு விகிதம் சற்றுக் குறைவு என்றது 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வு; புகைப்பவர்களையும் ஏற்கெனவே நோயுற்றவர்களையும் விலக்கி எண்ணிய 2016 தொகுப்பாய்வு அதை மறுத்தது.

ஆசியர்களுக்குத் தனிக் கோடு வேண்டுமா என்று 2002இல் சிங்கப்பூரில் கூடிய நிபுணர் குழு, ஆபத்து தொடங்கும் இடம் ஆசிய நாட்டுக்கு நாடு 22 முதல் 25 வரை மாறுவதைக் கண்டது. அதனால் உலக வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, 23ஐயும் 27.5ஐயும் கூடுதல் நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. நாடுகள் தத்தம் வழியில் போயின. இந்திய நிபுணர்கள் 2009இல் பருமனுக்கு 25 என்றார்கள், ஜப்பானும் 25, சீனா 28. எனவே 160 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் சென்னையிலும் டோக்கியோவிலும் பருமனானவர். ஷாங்காயிலும் லண்டனிலும் அதிக எடைக்காரர் மட்டுமே. பசிபிக் தீவு மக்களுக்கு அதே எண்ணில் கொழுப்பு குறைவு என்பதால் நியூசிலாந்து ஒரு காலத்தில் அவர்களுக்கு 32 என வைத்திருந்தது. உடலியல் நோக்கில் இதெல்லாம் நியாயமே. ஆனால் வரம்பை இப்படித் தைத்துக் கொடுத்த பிறகு நாடுகளை வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. ஒரே நாட்டுக்குள்ளும் குழப்பம் உண்டு: 25க்கு மேற்பட்டவர்களை இண்டியாப் ‘பருமன்’ என்கிறது, குடும்ப நல ஆய்வோ ‘அதிக எடை அல்லது பருமன்’ என்கிறது. செய்தித்தாள்கள் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுகின்றன.

கொழுப்பு சேரும் இடத்தைக் காட்டுவதில் இடுப்புச் சுற்றளவு மேலானது. களத்தில்தான் சிக்கல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க வழிகாட்டுதல் இடுப்பெலும்பின் விளிம்பிலேயே வைக்கச் சொல்கிறது. புடவைக் கொசுவமும் பாவாடை நாடாவும் முடியும் இடமும் கிட்டத்தட்ட அதுவே. துணிக்கு மேலா கீழா, மூச்சை விட்ட பிறகா உள்ளிழுத்தா என்பதில் ஓரிரு சென்டிமீட்டர் போய்விடும். இந்தியப் பெண்களுக்கு வரம்பு 80 என்னும்போது அந்த ஓரிரு சென்டிமீட்டரில் ஒருவர் பக்கம் மாறிவிடுவார். ஜப்பானில் பெண்களுக்கான வரம்பு 90, ஆண்களுக்கு 85. மற்ற நாடுகளில் ஆண்களுக்கே அதிகம்.

2025 ஜனவரியில் ‘லான்செட்’ குழுமத்தின் ஆணையம் ஒன்று வேறு வழி சொன்னது. குறியீட்டெண்ணோடு இன்னொரு உடலளவும் சேர்ந்து அதிகக் கொழுப்பை உறுதிசெய்ய வேண்டும். பிறகு உறுப்புகளின் இயக்கம் கெட்டிருந்தால் அது நோய்நிலைப் பருமன், கெடாவிட்டால் முன்னிலைப் பருமன். நோயாளியின் முன் அமர்ந்திருக்கும் மருத்துவருக்கு இது நல்ல திருத்தம். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளருக்கோ பயன்படாது. பெரியவர்களுக்கு அது பட்டியலிடும் 18 அடையாளங்களில் பலவற்றைப் பரிசோதனையின்றிக் கண்டறிய வழியில்லை. மக்கள்தொகை அளவில் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தலாம் என்று ஆணையமும் விட்டுவைத்தது அதனால்தான். அப்படியானால் அறிக்கைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரம்பைத் தாண்டியவர்களின் விழுக்காட்டை மட்டும் தராமல், சராசரியையும் மக்கள் எண்கள்தோறும் பரவியிருக்கும் விதத்தையும் சேர்த்து வெளியிட்டால், 23, 25, 27.5, 30 என எந்தக் கோட்டை வைத்தும் எவரும் திரும்ப எண்ணிக்கொள்ளலாம்.