'கேரி-இன்' என்ற ஒற்றைச் சொல்: ஒரு விமர்சனக் குறிப்பு

மிச்சிகனில் ஓ சேபிள் ஆற்றங்கரைக் காட்டில் உள்ள ஒரு முகாமில் போன கோடையில் இரண்டு இரவு தங்கினோம். முகாமின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் விவரக்குறிப்பில் படகு வசதி என்ற இடத்தில் 'கேரி-இன்' என்று மட்டும் இருந்தது. அதாவது ட்ரெய்லரைத் தண்ணீர் வரைக்கும் இறக்க கான்கிரீட் சரிவு கிடையாது. கேனோவோ கயாக்கோ, வண்டியை நிறுத்திவிட்டு நாமே தூக்கிக்கொண்டு போய் இறக்கணும்.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சரிவு இல்லாத இடத்துக்குப் பெரிய மோட்டார் படகு வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இந்த ஆற்றுக்கு அதைவிட முக்கியமான காரணம் மணல். 'சேபிள்' என்றாலே பிரெஞ்சில் மணல்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இந்த ஆற்றிலேயே மிதக்கவிட்டார்கள். கட்டைகள் கரையைப் பெயர்த்தன. சரிந்த மணல், மீன்கள் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடியது. கணக்கில்லாமல் மீன் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, கிரேலிங் என்ற மீன் 1930களில் மிச்சிகனிலிருந்தே அற்றுப்போனது. ஆற்றங்கரையில் அதன் பெயரில் ஒரு ஊர் மட்டும் இருக்கிறது.

மணலால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1986இல் வெளியான ஹண்ட் கிரீக் ஆய்வு நல்ல பதில். அதே மாநிலத்தின் ஒரு சிறு ஓடையில் வேண்டுமென்றே மணலைக் கொட்டி, படுகையில் நகரும் மணலை 4-5 மடங்காக்கிப் பார்த்தார்கள். ப்ரூக் ட்ரவுட் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது.

ஆக, சரிவு வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் விமர்சனம் வேறு. சரிவைக் கட்டாமல் விட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதுதான்.

நான் பார்த்த துறையில் எதுவுமே கட்டப்படவில்லை. நிறுத்துமிடத்திலிருந்து சுமார் 150 அடி நடை, கடைசியில் செங்குத்தான மணல்கரை. இந்தத் தூரமோ, கரை எவ்வளவு செங்குத்து என்பதோ விவரக்குறிப்பில் இல்லை. எனக்கு 46 வயது, வலது முழங்கால் சொன்னபடி கேட்காது, கயாக் 25 கிலோ. என்ன செய்தேன்? இழுத்துக்கொண்டே போய், கரையிலிருந்து சறுக்கிவிட்டேன். என்னோடு சேர்ந்து ஒரு வாளி மணலாவது ஆற்றில் விழுந்திருக்கும். பக்கத்திலேயே அதேமாதிரி நாலைந்து தடங்கள். புல் போய் வேர் தெரிந்தது. எனக்கு முன்னால் வந்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள்.

மணலுக்குச் சக்கரம், கால் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு சரிவைத் தவிர்த்துவிட்டு, ஆளாளுக்கு ஒரு தடம் போட விட்டால் கரைக்கு என்ன லாபம்?

எங்கள் தொழிலில், காலியாக விட்ட கட்டமும் பூஜ்யம் என்று நிரப்பிய கட்டமும் ஒன்றல்ல என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். முதலாவது யாரும் கவனிக்காதது, இரண்டாவது யோசித்து எடுத்த முடிவு. 'கேரி-இன்' என்பது இரண்டாவதாக இருக்க வேண்டும். நான் பார்த்தது முதலாவது.

யோசித்து எடுத்த முடிவென்றால் எப்படி இருக்கும்? கரைக்கு ஒரே பாதை. இறங்க மரப்படி, பக்கத்தில் படகைச் சறுக்கிவிட ஒரு பலகை. மற்ற தடங்களில் வேலி போட்டுச் செடி நட வேண்டும். விவரக்குறிப்பில் 'கேரி-இன், 150 அடி, மணல்கரை, 12 படி' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்தால், தூக்க முடியாதவர்கள் வேறு துறைக்குப் போவார்கள், அல்லது கூட ஒரு ஆளைக் கூட்டி வருவார்கள். வந்து நின்ற பிறகு திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை.