247-க்கு வெளியே ஓர் ஊர்

அரும்பு, மொட்டு, மலர். 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் எட்டியிருக்கும் நிலைப்படி பிரித்து உட்காரவைக்கத் தேர்ந்தெடுத்த பெயர்கள் இவை. பெயர் வைத்தவருக்கு நல்ல தமிழ் தெரிந்திருக்கிறது. மூன்றும் ஒரே செடியில் ஒரே பூ அடைகிற பருவங்கள். இன்றைய அரும்பு நாளைக்கு மொட்டு, அதற்கடுத்து மலர். ஆகவே அரும்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை இன்னும் மலராத பிள்ளை, அவ்வளவுதான். அது வேறொரு செடியில் ஏற்கெனவே பூத்துவிட்ட பூவாக இருக்கலாம் என்கிற சாத்தியத்துக்கு இந்த உருவகத்துக்குள் இடம் இல்லை. இந்தப் பெயர்களையும் இவற்றைச் சுற்றியுள்ள சட்டம், கணக்கெடுப்பு, தேர்வுத் தாள் ஆகியவற்றையும் ஒரே பிரதியாக வைத்து வாசித்தால், அந்த இடமின்மை தற்செயலானது அல்ல என்று தெரிகிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கிற ஆசிரியைக்கு அது நல்லதல்ல. அவரே படுகர். வகுப்பில் பாதிக்கு மேல் படுகப் பிள்ளைகள், சில இருளப் பிள்ளைகள், எஸ்டேட் லைனிலிருந்து வருகிற இரண்டு ஜார்கண்ட் பிள்ளைகள். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சி. டம்ளரில் பால். ஒரு பையன் தயங்காமல் 'ஹாலு' என்றான். ஆசிரியை சிரித்துக்கொண்டே தலையாட்டினார், பிறகு என் பக்கம் திரும்பி, "சார், அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா செயலியில 'ஹாலு'வுக்குப் பொத்தான் கிடையாதே" என்றார்.

இந்த 'ஹாலு'வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கிற பகரம் கன்னடத்திலும் படுகிலும் ஹகரமாகியிருக்கிறது. பால் - ஹாலு, பல் - ஹல்லு, பட்டி - ஹட்டி. எம்.ஏ.யில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத் தாளில் இதையே எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆறு வயதுப் பையன் அதே விதியை வாயால் சொன்னான், அவனுக்குப் பூஜ்யம். படுகர் ஊர் என்றால் ஹட்டி. அவன் வீடு இருக்கிற ஊரின் பெயரே 'ஹ'வில் தொடங்குகிறது, அந்த எழுத்தோ நமது 247-க்கு வெளியே நிற்கிற கிரந்த எழுத்து. தனித்தமிழ் அன்பர்கள் கிரந்தத்தின் மேல் வைக்கிற ஆட்சேபம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பையனுக்கு 'ஹ' சமஸ்கிருதத்திலிருந்து வந்ததல்ல, அம்மா வாயிலிருந்து வந்தது.

தோடர் பிள்ளையின் நிலை இன்னும் விசித்திரமானது. 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தவர் எமனோ. பின்னால் 1996-ல் லடிஃபோகட், பாஸ்கரராவ் முதலியோர் தோடாவின் ரகர ஒலிகளைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். நாக்கு நுனி பல்லுக்கருகில், அதற்குச் சற்று மேலே, பின்னுக்கு மடங்கி என்று மூன்று இடங்களில் மூன்று 'ர'க்கள், ஒவ்வொன்றுக்கும் மென்மைப்பட்ட இணை ஒன்று, ஆக ஆறு. உலக மொழிகளில் இது அபூர்வம். இங்கே நம் நிலவரம் என்ன? சமவெளித் தமிழர்களில் பெரும்பாலோர் பேச்சில் 'ர'வையும் 'ற'வையும் கலந்து பல தலைமுறை ஆகிறது, வேறுபாடு எழுத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த எழுத்து வேறுபாட்டை வைத்துத்தான் நாம் ரகர றகரப் பிழை என்று சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம். ஆறைப் பிரித்தறிகிற காது உள்ள பிள்ளை, நாமே காதால் பிரிக்காத இரண்டை எழுத்தில் பிரிக்காததற்காக அரும்பில் உட்கார்கிறது.

'பிள்ளைக்கு மொழி வரவில்லை' என்று பயிற்சி வகுப்புகளில் சகஜமாகச் சொல்கிறோம். எந்த மொழி என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. எழாமல் இருப்பதற்கான ஏற்பாடு மேலே, டெல்லியிலிருந்தே தொடங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரம் பேருக்குக் குறைந்த தாய்மொழிகளைப் பெயர் சொல்லி வெளியிடுவதில்லை. தோடாவும் கோத்தாவும் இப்படி 'பிற'வுக்குள் கரைந்துவிட்டன. பத்தாயிரத்தைத் தாண்டியவை? 2011 அட்டவணையில் படுகு கன்னடத்தின் கீழே, பணியா மலையாளத்தின் கீழே, இருளம் தமிழின் கீழே. ஒரு மலையின் மொழிகளை மூன்று மாநிலங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஸ்வெலபில் போன்றவர்கள் இருளத்தைத் தனி மொழியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அட்டவணைக்கு அது தமிழின் உட்பிரிவு. விளைவு என்னவென்றால், இருளப் பிள்ளை தமிழில் செய்கிற பிழை தாய்மொழியிலேயே செய்த பிழையாகிவிடுகிறது. இரண்டாம் மொழி கற்பவருக்குக் கிடைக்கிற குறைந்தபட்சச் சலுகையும் பொறுமையும்கூட அதற்குக் கிடையாது.

இனி நமது சட்டம். தமிழ் கற்றல் சட்டம் 2006, அந்தக் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மற்ற பாடங்கள், பகுதி 4 தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியாக இல்லாதவர்கள் விரும்பினால் படிக்கத் தம் தாய்மொழி. பிரதியின் சுவாரஸ்யமான இடம் இந்த நான்காம் பகுதிதான். சட்டம் பிற தாய்மொழிகளை மறந்துவிடவில்லை, ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அதில் உட்கார எழுத்தும் பாடநூலும் பட்டம் பெற்ற ஆசிரியரும் வேண்டும். தெலுங்கும் உருதும் மலையாளமும் கன்னடமும் உட்கார முடியும். படுகுக்கோ பணியாவுக்கோ தோடாவுக்கோ பாடநூல் இல்லை. நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

சட்டத்தை எதிர்த்து மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள், ஆண்டுதோறும் விலக்குக் கேட்டார்கள், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்கு விலக்கை நீட்டித்தது. இந்த வழக்குகளை எல்லையோர மாவட்டங்களின் பிரச்சினையாகவே நாம் பேசிவந்தோம். நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைக்கு அந்த விலக்கால் எதுவும் ஆவதில்லை. விலக்குப் பெற, தமிழுக்குப் பதிலாக எழுத வேறொரு தாள் கையில் இருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மை என்பதே இங்கே தேர்வுத் தாள் உள்ள சிறுபான்மை என்றுதான் பொருள்படுகிறது. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிற அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு 1956-ல் சேர்க்கப்பட்டது. அதுவும் இந்தப் பிள்ளைகள் வரை வந்து சேரவில்லை.

நண்பர்கள் இங்கே கோபிக்கலாம். தமிழை மற்றவர்மேல் திணிக்கிற மொழி என்று சொல்ல வருகிறாயா, டெல்லிக்காரனுக்கு எடுத்துக்கொடுக்கிறாயா என்று. இல்லை. தமிழ் படிக்க வேண்டாம் என்று எந்த ஹட்டியிலும் எந்த மந்திலும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஊட்டி மார்க்கெட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடலூர் ஆஸ்பத்திரிக்கும் தமிழ் வேண்டும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என் கேள்வி தமிழ் கற்பிக்கலாமா என்பதல்ல. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்க நமக்குத் தெரியுமா என்பது.

தெரியும் என்பதுதான் வேதனை. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் பேசாத சூழலில் வளர்கிற புலம்பெயர் பிள்ளைகளுக்கென்றே படிநிலைப் பாடங்களை உருவாக்கியது. 2022-ல் தமிழ்ப் பரப்புரைக் கழகம் வந்தது. வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைக்கு முதலில் கேட்டல், பிறகு பேசுதல், அப்புறம்தான் எழுத்து என்ற நிதானம் நம்மிடம் இருக்கிறது. டொரொண்டோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற பிள்ளைக்கு. முத்தநாடு மந்துப் பிள்ளைக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம், அதனால் அது பிறவித் தமிழர், மூன்றாம் வாரமே 'பத்தியைப் படித்து விடையளி'. கடல் கடந்த தமிழ்க் குழந்தையை மொழி கற்பவராகப் பார்க்க முடிகிற கண், மலை ஏறியதும் மங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 1974-ல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகளை அதே வகுப்பில், அதே புத்தகத்தோடு உட்காரவைத்தது. ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து 'ஆங்கிலம் கற்பவர்' என்ற நிர்வாக வகைமை வலுப்பெற்றது. தனி ஆசிரியர், தனி வழிகாட்டுதல், ஆண்டுதோறும் மொழித்திறன் தேர்வு. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2002-ல் 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம் வந்தபோது இதே பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டி அவர்கள் படிக்கிற பள்ளிகளைத் தோல்விப் பள்ளிகள் என்று முத்திரை குத்தினார்கள். பல ஆண்டுகளாக வகைமையைவிட்டு வெளியேற முடியாத பிள்ளைகளுக்கு 'நீண்டகாலக் கற்பவர்' என்று இன்னொரு பட்டப்பெயர். ஆகவே வகைமை வந்தால் விடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அரும்புக்குக் கீழே 'விதை' என்று நான்காவது பெஞ்சு ஒன்றைப் போட்டு ஆதிவாசிப் பிள்ளைகளை அங்கே தள்ளுகிற சாமர்த்தியமும் நம் நிர்வாகத்துக்கு உண்டு.

வழி இல்லாமல் இல்லை. ஆந்திரம் 2004-லும் ஒடிசா 2007-லும் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி மெல்ல மாநில மொழிக்கு நகர்த்தும் முயற்சியில் இறங்கின. குறைகள் இருக்கும். ஆனால் சவரா பேசுகிற பிள்ளைக்குச் சவராவில் ஒரு முதல் புத்தகம் சாத்தியம் என்று ஆயிற்று. தமிழகமும் சும்மா இருக்கவில்லை என்பார்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடா, கோத்தா உள்ளிட்ட மொழிகளின் ஒலி வடிவங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஆவணப்படுத்தல் என்பது மொழியை நாளைய ஆய்வாளனுக்காகப் பெட்டியில் வைப்பது. அதே மொழியைப் பேசிக்கொண்டு இன்று காலை பள்ளிக்கு வந்த பிள்ளையை அந்தப் பெட்டி கண்டுகொள்வதில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை இருமொழிக் கொள்கையை உறுதிசெய்தது. மும்மொழித் திட்டத்தை எதிர்த்து அதை ஆதரிக்கிறவர்களில் நானும் ஒருவன், அந்த நிலைப்பாட்டில் மாற்றமில்லை. ஆனால் இருமொழி என்று எண்ணும்போது யார் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம்? படுகப் பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஏற்கெனவே மூன்று. பந்தலூர்ப் பக்கத்துப் பணியப் பிள்ளைக்கு அக்கம்பக்கத்து மலையாளத்தையும் சேர்த்தால் நான்கு. எஸ்டேட் லைனில் ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளை சாத்ரி, இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று தட்டுத்தடுமாறுகிறது. எந்தக் கொள்கையும் கேட்காமலே இத்தனை மொழிகளைச் சுமக்கிற பிள்ளைகளை, ஒரு மொழியில் மட்டும் நிறுத்துப் பார்த்துக் குறைவு என்று எழுதுகிறோம்.

ஆசிரியர் பக்கம் வருகிறேன். பருவத்துக்கொரு கையேடு, குறுவள மையத்தில் பயிற்சி, மதிப்பீட்டுத் தேதி மாறினால் வாட்ஸ்அப்பில் செய்தி, 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவுத் தேர்வு மாதிரி ஏதாவது வந்தால் அதற்கு மாதிரித் தாள்கள். தகவலுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் மேலிருந்து கீழே வருகிற தகவல். கீழே இருக்கிற ஆசிரியைக்குத் தெரிந்தது மேலே போக வழி கிடையாது. "நான் பிள்ளைங்ககிட்ட படுகுலதான் ஆரம்பிப்பேன் சார். அப்புறம் மெதுவா தமிழுக்கு இழுத்துட்டு வருவேன். ஆபீசர் வந்தா மட்டும் முதல்லயே தமிழ்" என்றார் அவர். மொழியியல் துறைகள் பக்கம் பக்கமாக எழுதுகிற முறையை அவர் தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறார். தாய்மொழி என்று கேட்கிற இடத்தில் என்ன எழுதுவீர்கள் என்றேன். "தமிழ்னு போட்டாதான் சார் சிக்கல் இல்ல."

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் பாடநூலில் வருகிற சொல், வலப்பக்கம் பிள்ளைகள் வீட்டில் சொல்லுகிற சொல். பால் எதிரே ஹாலு. இருளச் சொற்களுக்குத் தனி நிறப் பேனா. ஜார்கண்ட் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை பின்பக்கத்தில். ஒரு பயிற்சியில் எழுந்து, இதை வைத்து வாய்மொழித் தேர்வில் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கருத்தாளர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். பிறகு துணைக்கருவிக் கண்காட்சிக்கு அந்த நோட்டை வைக்கச் சொன்னார்கள், வைத்தார், சான்றிதழும் கொடுத்தார்கள். மதிப்பெண் பற்றிய பதில் இன்னும் வரவில்லை.