வாக்கும் தீர்ப்பும்

1996ஆம் ஆண்டு தொடங்கிய கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில், 2022ஆம் ஆண்டு இருவேறு முடிவுகள் எழுந்தன. வறட்சியிலும் ஊர் நீங்காத முதிய கெச்சுவா இணையரைக் காட்டும் பொலிவியப் படமாகிய 'உத்தாமா'வுக்கு நடுவர் குழுவினர் சுவர்ண சகோரம் அளித்தனர். பார்வையாளர் வாக்கோ 'நண்பகல் நேரத்து மயக்க'த்துக்கு வாய்த்தது. வேளாங்கண்ணியினின்று மீளும் மலையாளி ஒருவன் தமிழ்ச் சிற்றூரொன்றில் சுந்தரமாகவே மாறிவிடுவது அதன் கதை. அவன் பேச்சு மலையாளத்தினின்று தமிழாகும் நயத்தை அம்மொழிகளை அறிந்தாரே முழுதும் நுகர்வர். மொழிபெயர்ப்பு வரிகள் அதனைத் தாரா. இதனால் நடுவர் பிழைத்தனர் எனல் பொருந்துமோ? பொருந்தாது. கெச்சுவா மொழியின் நயமும் அரங்கினர்க்கு அவ்வாறே எட்டாததன்றோ? வாக்கு, விருப்பத்தை எண்ணுவது. தீர்ப்பு, தகுதியை நிறுப்பது. பாடவேறுபாடுகளுள் ஒன்றைக் கொள்ளும் உரையாசிரியர் காரணம் காட்டுதல் போல, நடுவரும் தாம் கொண்டதற்கும் தள்ளியதற்கும் காரணம் விரித்துரைத்தல் வேண்டும். அன்றேல், தீர்ப்பும் எண்ணிக்கையிற் குறைந்த வாக்கேயாம்.