அழுகின்ற தத்துவஞானி

அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் அரும்பொருட் காட்சிச்சாலையில் ஓரிணை ஓவியங்கள் உள. யூட்றெக்ற் ஓவியர் ஹென்றிக் ரெர் புறூக்கன் 1628இல் தீட்டியவை அவை. ஒன்றில் டெமோக்கிறிற்றஸ் சிரிக்கிறார். மற்றதில் ஹெராக்கிளிற்றஸ் உலக உருண்டையின்மீது சாய்ந்து, தலையைக் கையால் தாங்கித் துயருறுகிறார். சிரிப்பவரை நாம் எளிதிற் கடந்துவிடலாம். துயருறும் கிழவரோ நம்மை நிறுத்தி வைக்கிறார்.

அந்த நெற்றிச் சுருக்கம் பாடப்புத்தகத்து ஞானிக்கு உரியதன்று. தெருவிற் காணும் மனிதனையே ஞானியாகவும் புனிதனாகவும் தீட்டும் கறவாஜ்ஜியோவின் யதார்த்த நெறியை றோமாபுரியில் அறிந்துகொண்டு ஊர் திரும்பியவர் இவ்வோவியர். அந்நெறியின் பேறு இம்முகம்.

ஆனால், இவர் ஹெராக்கிளிற்றஸ்தாமா? கி.மு. 500 அளவில் எபேசு நகரில் வாழ்ந்த அவருடைய நூலில் எஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம் துணுக்குகளே. அவற்றில் ஒப்பாரி இல்லை. உலகம் என்றும் எரியும் நெருப்பு என்றும், முரண்களின் போரே அனைத்துக்கும் தந்தை என்றும் கூறியவர் அவர். 1915இல் லசாலின் நூலைப் படித்துக் குறிப்பெழுதிய லெனின், இயக்கவியற் பொருள்முதல்வாதத்தின் அடிப்படைகளை அவரிடம் இனங்கண்டார். கண்ணீர் பின்வந்தோர் கொடுத்தது. அவருடைய எழுத்து அரைகுறையாக நின்றமைக்குத் தியோபிறாஸ்தஸ் கற்பித்த காரணம் 'மெலன்கோலியா'. அன்று அச்சொல் சோகத்தை அன்றி, கட்டுக்கடங்காத மனவேகத்தையே சுட்டியது என்பர் அறிஞர். செனெக்கா, யுவெனல் முதலிய றோமானியர் காலத்திலோ அவர் முற்றாக அழுமூஞ்சியாகிவிட்டார். மாற்றத்தின் தத்துவம், மாற்றத்தை விரும்பாதார் கையில் நிலையாமைப் புலம்பலாய்த் திரிந்தது.

அதற்காக இவ்வோவியத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடும் நண்பர்களுடன் நாம் உடன்படோம். (அரச குலத்திற் பிறந்து பெரும்பான்மை மக்களை இகழ்ந்த ஹெராக்கிளிற்றஸை நம் அணியிற் சேர்த்துவிடும் அவசரமும் நமக்கு வேண்டாம்.) ஸ்பானியருடனான பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் 1621இல் முடிந்து, ஒல்லாந்தர் மீண்டும் போரில் மூழ்கியிருந்த காலம் அது. அக்காலத்தவன் ஒருவன் பூமி உருண்டைமேற் சாய்ந்து அழுவதைப் பொய்யென்று எவ்வாறு கூறுவது?

எனினும் நம் மனம் நாடுவது றபேல் 1510 அளவில் வத்திக்கான் சுவரில் வரைந்த 'அதென்ஸ் கலாபீட'த்தின் முன்பகுதியில் இருக்கும் உருவத்தையே. மைக்கலாஞ்சலோவின் முகச்சாயலில் அமைந்த ஹெராக்கிளிற்றஸ் அது எனப் பலரும் கொள்வர். அங்கும் தலை கவிழ்ந்திருக்கிறது. ஒரு கை கன்னத்தைத் தாங்குகிறது. மறு கையில் எழுதுகோல் இருக்கிறது.