புள்ளலூர்ப் போரும் ஓவியத்தில் இல்லாதவர்களும்

ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் புள்ளலூர்ப் போருக்குத் தனி இடம் உண்டு. வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த தளபதி மன்றோ, பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார். கும்பினியார் இந்திய மண்ணில் அதுவரை கண்ட தோல்விகளுள் இதுவே பெரிது என்பர். நாம் பெருமை கொள்வதில் பிழையில்லை. ஆயின் இக்கட்டுரைகள் யாவும் செப்டம்பரிலேயே தொடங்குகின்றன. ஹைதரின் படை மலைக்கணவாய் கடந்து இறங்கியதோ ஜூலையில். இடைப்பட்ட வாரங்களைப் பற்றி நம் பேனாக்கள் வாய் திறப்பதில்லை.

அவ்வாரங்களில் சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் ஊர்கள் எரிக்கப்பட்டன. கும்பினிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் கிட்டலாகாது என்பது போர்த்தந்திரம். அந்த நெல்லை உண்டு வாழ்ந்த குடியானவனும், தறியை நம்பியிருந்த நெசவாளனும் அத்தந்திரத்தின் கணக்கில் வரவில்லை. உயிர் தப்பியவர்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடினார்கள். இவையெல்லாம் வெள்ளையர் கட்டிய கதை என்று தள்ளுவோர் உளர். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் கும்பினியின் ஊழியர்தாம். அவருடைய அடைமொழிகளைத் தாராளமாகக் கழித்துவிடலாம். ஆனால் அடைமொழி கழிந்த பின்னும் எரிந்த ஊர் எரிந்த ஊர்தானே!

சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போரை ஓவியமாகக் காணலாம். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். திப்பு ரோஜா மலரை முகர்கிறார். கோடுகளின் வேகமும் வண்ணமும் வியக்கத்தக்கவை. ஆனால் அச்சுவரில் கிராமம் இல்லை, கிணறு இல்லை, பிள்ளையை இடுப்பில் சுமந்து ஓடும் தாய் இல்லை. இதைவிட வியப்பு ஒன்றுண்டு: 1799இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, தம் இனத்தாரின் தோல்வியைக் காட்டும் இவ்வோவியத்தைப் புதுப்பிக்கச் செய்தார். படைவீரன் படைவீரனை மதிப்பான். எதிரியின் வெற்றிக்கும் வர்ணம் பூசுவான். புள்ளலூரில் நிற்கும் நினைவுத் தூண்களும் மறு ஆண்டுப் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கே. (ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மகேந்திரன் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு பகர்வதும் இதே புள்ளலூர்தான். அன்று அவ்வூரார் பட்ட பாட்டைச் செப்பேடும் கூறவில்லை.)

ஊருக்குப் பெயர் தந்த நவாபு முகம்மது அலி வாலாஜாவையும் விட்டுவிடலாகாது. கும்பினிப் படையின் செலவுக்காகக் கும்பினி ஊழியர்களிடமே கடன்பட்டு, குடிகளின் வரியை அக்கடனுக்கு ஈடு வைத்தவர் அவர். எரிந்தது அவர் நாடு. அவரோ சேப்பாக்கத்து மாளிகையில் இருந்தார்.

இக்கொடுமையை இலக்கியமாக்கியவர் எட்மண்ட் பர்க். 1785 பிப்ரவரியில் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய ஆற்காட்டுக் கடன் பற்றிய பேருரையில் ஹைதரின் படையெடுப்பு இயற்கையின் சீற்றம் போல் வருணிக்கப்படுகிறது. அது மிகை. ஆனால் அவ்வுரையின் கூர்முனை ஹைதர்மீது பாயவில்லை. நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டு முதலான தம் நாட்டவர்மீதே பாய்ந்தது. தீர்மானம் தோற்றது. தம் இனத்தாரின் பாவத்தைத் தம் மன்றத்திலேயே எழுந்து நின்று கூறினாரே, அந்தத் துணிவை நம் திப்பு நூல்களில் தேடினேன், காணவில்லை. கும்பினியின் கொடுமையைப் பக்கம் பக்கமாக எழுதும் கை, நம் பக்கத்துக் கொடுமை வந்தவுடன் அத்தியாயத்தை முடித்துவிடுகிறது.

அளவுகோலுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. சிரியாவுக்குப் புறப்பட்ட படைக்குக் கலீபா அபூபக்கர் (ரலி) விதித்தவை நம் பிள்ளைகளுக்கும் பாடம்: முதியோர், பெண்டிர், குழந்தைகளைக் கொல்லலாகாது, கனி மரத்தை வெட்டலாகாது. இக்கட்டளையை மீலாது மேடையில் முழங்கும் நாம் 1780 ஜூலையை அதன் அருகில் வைத்துப் பார்த்ததுண்டா? பார்த்தால் திப்புவின் வீரமோ, கும்பினியை எதிர்த்து அவர் உயிர் கொடுத்ததோ குறைந்துவிடாது. நம் நூல்கள்தாம் திருத்தி எழுதப்பட வேண்டியிருக்கும்.

ஓடிவந்தவர்களுக்குச் சென்னையும் சோறு போடவில்லை, பஞ்சம் பிடித்தது. 1782இல் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், அதன் வழியே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வடசென்னையின் முதியவர்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.