இரட்சணிய யாத்திரிகத்தில் அன்பும் கீழ்ப்படிதலும்: ஒரு மறுநோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத்தை ஆராய்ந்தோர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பெரும்பாலும் இருவகையாகவே நோக்கி வந்துள்ளனர். ஒரு சாரார் அதன் செய்யுள் வளத்தில் ஈடுபட்டு, 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டத்தை ஆசிரியருக்குச் சூட்டுவதோடு அமைந்துவிடுவர். மற்றொரு சாரார் அதனை ஆங்கில நூலொன்றின் தழுவல் என்றும் சமயப் பிரசார நூல் என்றும் கூறி ஒதுக்கிவிடுவர். இவ்விரு முடிபுகளும் நூல் எழுப்பும் மையவினாவைத் தீண்டாதவை. விசுவாசம் மனத்தால் ஒப்புக்கொள்ளப்படுவதோடு முடிவதில்லை, அது வாழ்ந்து காட்டப்படவேண்டியது என்பது மூலநூலுக்கும் வழிநூலுக்கும் பொதுவான கருத்தாகும். அவ்வாறாயின் யாரிடத்து அன்பு, யாருக்குக் கீழ்ப்படிதல், எதனைப் பற்றி நம்பிக்கை என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்கு மூலநூல் கூறும் விடையும் தமிழ்க் காப்பியம் கூறும் விடையும் எவ்விடத்து ஒன்றுபடுகின்றன, எவ்விடத்து வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டின் சமூக அடிப்படை யாது என்பவற்றை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பியல் முறை வெறும் ஒற்றுமைப் பட்டியலாகிவிடலாகாது என்பதைப் பேராசிரியர் கைலாசபதியின் 'ஒப்பியல் இலக்கியம்' (1969) வெளிவந்த பின்னர் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலில் மூலநூலின் பின்னணியைச் சுருங்க நோக்குவோம். ஜோன் பன்யன் (1628-1688) பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். தாமும் அத்தொழிலையே செய்தவர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்திற் பாராளுமன்றப் படையிற் பணியாற்றினார். முடியாட்சி மீண்ட 1660 ஆம் ஆண்டில், அரச திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்த குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என வாக்களித்தால் விடுதலை பெற்றிருக்கலாம். அவ்வாக்கை அளிக்க மறுத்தமையால் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நூலின் முதற்பாகம் 1678 இலும் இரண்டாம் பாகம் 1684 இலும் வெளிவந்தன.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, பன்யனின் நூலிற் கீழ்ப்படிதல் என்பது முரண்போலத் தோன்றும் ஒரு பொருளைப் பெறுகின்றது. கடவுளுக்குக் கீழ்ப்படிபவன் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாதவன் ஆகின்றான். மாயச் சந்தை நிகழ்ச்சி இதற்குச் சிறந்த சான்றாகும். வீடும் நிலமும் பட்டமும் நாடும் விலைகூறப்படும் அச்சந்தையில் யாத்திரிகர் இருவரும் எதனையும் வாங்க மறுக்கின்றனர். அதுவே குற்றமாகின்றது. நன்மையை வெறுப்பவன் எனப் பெயர்பெற்ற பிரபு நீதிபதியாக வீற்றிருக்க, பொறாமை முதலானோர் சாட்சி கூறுகின்றனர். 'உண்மையுள்ளவன்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட யாத்திரிகன் எரித்துக் கொல்லப்படுகின்றான். பன்யன் நின்ற நீதிமன்றத்தின் நிழல் இங்குப் படிந்திருப்பதை எவரும் உணர்வர். நூலில் வரும் தீயோருட் பலர் கனவான்களாகவும் பிரபுக்களின் உறவினராகவும் இருத்தல் தற்செயலானதன்று. ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த ஈ. பி. தொம்சன் 1963 இல் வெளியிட்ட தமது நூலில், அவ்வியக்கத்தின் மூலநூல்கள் இரண்டனுள் ஒன்றாகத் தோமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலோடு பன்யனின் நூலையும் வைத்து எண்ணியமைக்குக் காரணம் இதுவே.

இந்நூலே இரு நூற்றாண்டுகளின் பின் திருநெல்வேலிச் சீமையில் ஒரு தமிழ்ப் புலவரின் கைக்கு வந்தது. கிருஷ்ணபிள்ளை (1827-1900) கரையிருப்பு என்னும் ஊரில், வைணவப் பற்றுமிக்க வேளாள குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே கம்பராமாயணத்திலும் வைணவ நூல்களிலும் திளைத்தவர். சாயர்புரத்து மிஷன் கல்லூரியில் தமிழாசிரியரான பின்னர்க் கிறிஸ்தவ நூல்களோடு தொடர்பு கொண்டு, 1858 இற் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அங்கு 'தினவர்த்தமானி' இதழிற் பேர்சிவல் பாதிரியாரின் கீழ்ப் பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தை மொழிபெயர்த்த அதே பேர்சிவல் அவர் என்பது ஈழத்து வாசகருக்கு நினைவிருக்கும். கிறிஸ்தவ மறை எத்தகைய தமிழிற் பேசவேண்டும் என்ற வினா யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒரே மனிதரைச் சூழ்ந்து எழுந்தமை கவனத்துக்குரியது.

இரட்சணிய யாத்திரிகம் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' இதழிற் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து 1894 இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களாக 3766 பாடல்கள் அமைந்துள்ளன. பருவம் என்ற பிரிவு பாரதத்தையும், படலம் என்ற உட்பிரிவு கம்பனையும் நினைவூட்டுவன. பன்யன் தம் தொழிலாளர் சமூகத்தின் பேச்சுமொழியிலும் விவிலிய மொழியிலும் எழுதினார். கிருஷ்ணபிள்ளை புலவர் அவையின் மொழியில் எழுதினார். இம்மாற்றம் வெறும் மொழிநடை மாற்றமாக நின்றுவிடவில்லை. கதையின் உட்பொருளையும் அது மாற்றியது.

அம்மாற்றத்தின் திசையை அறிவதற்குச் சிலுவை நிகழ்ச்சியை ஒப்பிடுதல் போதுமானது. பன்யனின் யாத்திரிகன் சிலுவை நிற்கும் மேட்டை அடைகின்றான். முதுகுச் சுமை தானே கழன்று உருண்டு கல்லறையுள் மறைகின்றது. சில வரிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அது. சிலுவையிலே தொங்கியவரின் பாடுகளை அவர் அங்கு விரித்துரைப்பதில்லை. அவர் கண் நடப்பவன் மீதே நிலைத்திருக்கின்றது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என ஒரு படலத்தையே அமைத்து, இயேசு கைதுசெய்யப்பட்டு இகழப்பட்டுக் கொலையுண்ட வரலாற்றை விரித்துப் பாடுகின்றார். நடப்பவனிடமிருந்து நடப்பவனை மீட்டவரிடத்துக்குக் காப்பியத்தின் ஈர்ப்புமையம் நகர்கின்றது.

அப்படலத்திலே இயேசுவைக் கயிற்றாற் பிணிக்கும் காட்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர் அக்கயிற்றுக்கு உடன்பட்டு நிற்கின்றார். மாந்தர்மீது கொண்ட அன்பு என்னும் உறுதியான கட்டினின்றும் நீங்கமாட்டாதவராய் அவர் நின்றமை போன்றிருந்தது அக்காட்சி எனக் கவிஞர் அதற்குப் பொருள்காண்கின்றார். தம்மைத் துன்புறுத்துவோர்மீது அவர் சினங்கொள்ளவும் இல்லை. வெளிக்குத் தோல்வியாகத் தோன்றும் பணிவு உள்ளே அன்பின் செயலாகின்றது. அன்பு, கீழ்ப்படிதல், நம்பிக்கை ஆகிய மூன்றும் இவ்வொரு கற்பனையில் இணைந்துவிடுகின்றன. இறையியலார் பல அதிகாரங்களில் விளக்குவதைக் கவிஞர் ஒரு கயிற்றில் முடிந்துவிட்டார் எனலாம்.

இக்கற்பனையின் வேர் பன்யனிடத்து இல்லை. அது கிருஷ்ணபிள்ளை பிறந்து வளர்ந்த வைணவ மரபிலே உண்டு. உலகளந்த மாயோன் வெண்ணெய்க் களவுக்காக ஆய்ச்சியின் தாம்புக் கயிற்றாற் கட்டுண்டு நின்ற எளிமையை ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் வியந்து உருகினர். மதுரகவியாரின் பாசுரத்தொகுதி அத்தாம்பின் பெயராலேயே வழங்குகின்றது. இறைவன் அன்புக்குக் கட்டுண்டவன் என்னும் உணர்வு இளமையிற் பதிந்த ஒருவருக்கே, கெத்சமனித் தோட்டத்திற் போர்வீரர் கொணர்ந்த கயிறு இவ்வாறு தோன்றியிருத்தல் கூடும். ஆயின் மரபு இங்கு அப்படியே கையாளப்படவில்லை என்பதே முக்கியமானது. ஆய்ச்சியின் கயிறு தாயன்பின் கயிறு. கட்டியவளும் கட்டுண்டவனும் ஒருவர்மேல் ஒருவர் பற்றுடையோர். போர்வீரரின் கயிறு பகைவரின் கயிறு. பற்றுடையோரிடையே நிலவிய அன்பைப் பகைவர்மீதும் செல்லும் அன்பாக விரித்தமையே கிறிஸ்தவ நெறியிலிருந்து கிருஷ்ணபிள்ளை தமிழ்ப் பத்திமரபுக்குக் கொணர்ந்த புதுமையாகும். இதனைக் காணாது, கம்பனின் சொற்கள் எத்தனை எடுத்தாளப்பட்டன எனக் கணக்கிடுவது இலக்கிய ஆராய்ச்சியாகாது.

நம்பிக்கை என்னும் கருத்திலும் இத்தகைய சந்திப்பு நிகழ்ந்துள்ளது. கிரியைகளால் அன்றி விசுவாசத்தாலேயே மீட்பு என்பது சீர்திருத்தத் திருச்சபைகளின் அடிப்படைக் கொள்கை. வைணவத்திற் சரணாகதி என வழங்குவதும் தன் முயற்சியைக் கைவிட்டு இறைவனையே பற்றுதலாகும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லுமா, குரங்குக் குட்டிபோல் நாம் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா என அம்மரபில் நிகழ்ந்த நெடிய விவாதத்தை அறிந்தவருக்கு லூதரின் கோட்பாடு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்க முடியாது. எனினும் இத்தகைய நம்பிக்கை செயலின்மையாக இழிந்துவிடும் ஆபத்தும் உண்டு. கிரியையற்ற விசுவாசத்தைச் செத்தது எனக் கடிந்த யாக்கோபின் நிருபம் விவிலியத்துள்ளேயே இருப்பது இதனாலாகும். பயணம் என்ற கதைக்கட்டு இவ்வாபத்துக்குச் சிறந்த மாற்றாக அமைகின்றது. மீட்பு இலவசமாகக் கிடைப்பினும் வழியை நடந்தே தீரவேண்டும். நம்பிக்கை ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் சோதிக்கப்பட வேண்டும்.

இனி, வழிநூலில் நேர்ந்த இழப்பையும் கூறாதுவிடின் நமது மதிப்பீடு ஒருபக்கச் சார்பாகும். பன்யனிடத்து அதிகாரத்துக்கு எதிரான மறுப்பாக இருந்த கீழ்ப்படிதல் தமிழ்க் காப்பியத்தில் அரசனுக்குக் குடிகள் செய்யும் பணிவின் சாயலைப் பெற்றுவிடுகின்றது. காப்பிய மரபு அவ்வாறே நிர்ப்பந்தித்தது. நாட்டுவளமும் நகர்வளமும் அரசியல்பும் பாடப்பயின்ற மொழியில், இறைவன் பேரரசனாகவும் விசுவாசி நற்குடியாகவும் தோன்றுதல் எளிது. பிரித்தானிய முடியாட்சியும் மிஷன் நிறுவனங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலத்தில் அப்பணிவு யாருக்குப் பயன்பட்டது என்ற வினாவைச் சமூக வரலாறு அறிந்த வாசகர் எழுப்பாதிருக்க முடியாது. சந்தையின் நீதிமன்றத்தில் எழும் அறக்கோபம் பன்யனுக்குச் சொந்த அனுபவம். கிருஷ்ணபிள்ளைக்கு அது வழிவந்த கதை.

அவருடைய சொந்த அனுபவத்தில் மறுப்பே இருக்கவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. அக்காலத்து வேளாள குடும்பத்தில் ஒருவர் திருமுழுக்குப் பெறுதல் சுற்றத்தையும் சாதியையும் எதிர்த்து நிற்கும் செயலாகும். அவருடைய கீழ்ப்படிதலும் ஒரு கீழ்ப்படியாமையிலிருந்தே தொடங்கியது. ஆயின் அவ்வனுபவம் தனிமனிதனின் ஆன்ம விசாரமாகக் காப்பியத்துட் சென்றதேயன்றிச் சமூகப் படிநிலையை வினாவும் குரலாகச் செல்லவில்லை. இதே காலப்பகுதியில், 1877-78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தையொட்டித் திருநெல்வேலியில் ஒடுக்கப்பட்ட மக்கள் பல்லாயிரவர் கிறிஸ்தவத்தை நாடினர். அவர்களுக்குப் புதிய சமயம் கஞ்சியும் கல்வியும் மானமும் பற்றிய வினாவாக இருந்தது. அவர்களது பயணம் இக்காப்பியத்திற் பாடப்படவில்லை. இக்காப்பியத்தின் மொழியும் அவர்களுக்கு எட்டியிராது. கிறிஸ்தவமும் தமிழ்ப் புலமைக்கு உரியதே என உயர்குழாத்தினருக்கு நிலைநாட்டும் பணியையே நூல் முதன்மையாக ஆற்றியது.

இவ்விடத்து மூலநூலின் இரண்டாம் பாகத்தை நினைத்தல் பயன்தரும். முதற்பாகத்தின் யாத்திரிகன் மனைவியும் மக்களும் கூவி அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். அன்பைப் போதிக்கும் சமயத்தின் கதை இவ்வாறு தொடங்குவது பலருக்கு உறுத்தலாகும். இரண்டாம் பாகத்தில் அம்மனைவி பிள்ளைகளோடு அதே வழியிற் புறப்படுகின்றாள். ஊன்றுகோலில் நடப்பவனும் மனம் நலிந்தவனும் அச்சம் மிக்கவளும் வழியிற் சேருகின்றனர். வலியவனான வழித்துணைவன் அவர்களை விட்டு முன்செல்வதில்லை. அவர்களின் நடைக்கு ஏற்பக் காத்திருக்கின்றான். விசுவாசம் இங்குத் தனிமனிதனின் மீட்புப் பதற்றத்தைக் கடந்து, நலிந்தோரைத் தாங்கிச் செல்லும் கூட்டு வாழ்வாகின்றது. முதற்பாகத்திலும் இதன் வித்து உண்டு: இறுதி ஆற்றிலே யாத்திரிகன் நம்பிக்கையிழந்து அமிழும்போது, தோழனே அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் கதைப்போக்கில் முதற்பாகத்தையே சார்ந்தமையால், கூட்டுப் பயணத்தின் கதை தமிழ்க் காப்பிய வடிவம் பெறாது நின்றுவிட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, இரட்சணிய யாத்திரிகம் கிறிஸ்தவ விசுவாசத்தின் அன்புப் பொருளைத் தமிழ்ப் பத்தி மரபின் ஆழத்திலிருந்து மீள வடித்துத் தந்தது. அதன் அறமறுப்புப் பொருளை மங்கலாக்கியது. அதன் கூட்டுவாழ்வுப் பொருளைத் தீண்டாது விட்டது. முதலாவதற்காக நூலைப் போற்றுவோர் பின்னைய இரண்டையும் மறைத்தல் நேர்மையாகாது. பின்னைய இரண்டையும் காட்டி முதலாவதை மறுத்தல் முற்போக்கு விமர்சனமும் ஆகாது. பகைவரின் கயிற்றையும் அன்பின் கட்டாகக் கண்ட கவிஞரின் பார்வை எச்சமயத்தார்க்கும் சமயம் சாராதார்க்கும் உரிய மானுடச் செல்வமாகும். ஆயின் அக்கயிற்றுக்குத் தாமே உடன்பட்டு நிற்பவரின் பணிவு வேறு, கட்டப்பட்டவர்களை நோக்கிப் பணிந்திருங்கள் எனப் பிறர் கூறும் உபதேசம் வேறு. இவ்வேறுபாட்டை மறவாது படிப்பவருக்கே இக்காப்பியத்தின் அன்பு பொருளுடையதாகும்.